உங்களுக்குத் தெரியுமா? அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்!

மணாலியிலிருந்து லே போகிற வழியில் டாண்டி என்று ஒரு சின்ன ஊர். சந்திரா நதியும் பாகா நதியும் கலக்கும் இடம். அங்குள்ள பெட்ரோல் பங்க்கில் ஒரு பலகை பல வருஷமாகப் பிரபலம். அடுத்த பங்க் எவ்வளவு தூரம் என்று அதில் எழுதியிருக்கிறது. 365 கிலோமீட்டர்!

இமாலயன் 450 பைக்கின் டேங்க் 17 லிட்டர். மூட்டை முடிச்சோடு மலையேறும்போது லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுத்தால் 425 கிலோமீட்டர். அப்பாடா, 365-ஐத் தாண்டியாச்சு! ஆனால் த்ஸோ மோரிரி ஏரியை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியைத் திருப்பினீர்களோ, மிச்சமிருக்கிற 60 கிலோமீட்டர் எந்த மூலைக்கு?

நாலு பேர், நாலு வண்டி. எந்த வண்டியின் டேங்க் முதலில் காலியாகுமோ அதுதான் நாலு பேருக்குமே எல்லை! உங்கள் வண்டி 17 லிட்டராக இருக்கலாம். நண்பரின் வண்டி 13 லிட்டர் என்றால் நீங்களும் 13 லிட்டர்தான்!

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல்? அதுவும் ஒரு கிலோ என்றுதானே நினைத்தீர்கள்? முக்கால் கிலோதான்! கூடுதலாக 10 லிட்டர் கட்டிக்கொண்டு போனால் வண்டியில் ஏறுகிற எடை வெறும் ஏழரைக் கிலோ!

கீழே இறுக்கி மூடிய பெட்ரோல் கேன், கணவாய் மேலே போனதும் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும்! வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டது, உள்ளே குறையவில்லை. மூடியைப் படக்கென்று திறந்தால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். சூடான என்ஜினிலிருந்து தள்ளி வைத்து, கால் திருகு திருகி, 'உஸ்' சத்தம் அடங்கிய பிறகு திறக்க வேண்டும். சிப்ஸ் பாக்கெட் லேவில் பந்தாக வீங்கியிருப்பதும் இதே காரணத்தால்தான்!

சென்னையிலிருந்து பைக்கை ரயிலில் பார்சல் போடப் போகிறீர்களா? டேங்க் காலியாக இருக்க வேண்டும்! ரயில்வே விதி அது. ஆக, வண்டி டெல்லியில் இறங்கும்போது உங்கள் கையில் ஒரு காலி கேனும், பக்கத்து பங்க்குக்கு வழியும் தயாராக இருக்க வேண்டும். இமயமலைப் பயணத்தின் முதல் பெட்ரோல் தட்டுப்பாடு ஸ்டேஷன் வாசலிலேயே!

எந்த ஸ்பேனரை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது? இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. பயணத்துக்குக் கட்டி வைத்த டூல் பையை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வண்டியை முழுசாக ஒரு சர்வீஸ் செய்து பாருங்கள். இரண்டு சக்கரத்தையும் கழற்றுங்கள், செயினை இறுக்குங்கள், ஏர் ஃபில்டரை எடுங்கள், பிளக்கைக் கழற்றி மாட்டுங்கள். பையிலிருந்து வெளியே வராத டூல் எதுவோ அது வீட்டிலேயே இருக்கட்டும். உள்ளே ஓடிப் போய் எதை எடுத்து வந்தீர்களோ அது பைக்குள் போகட்டும். முடிந்தது விஷயம்! இதைச் செய்து பார்த்தவர்களின் பை பாதியாக இளைத்துவிடுகிறது!

கிளட்ச் கேபிள் அறுந்தால் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றிப் புது கேபிள் கோக்க வேண்டும். குளிரில், காற்றில், 4,800 மீட்டர் உயரத்தில்! அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஊரிலேயே புது கேபிளைப் பழைய கேபிளோடு ஒட்டி, அதே பாதையில் கோத்து, டேப் சுற்றி வைத்துவிடுகிறார்கள். பழையது அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாற்றி மாட்டினால் போதும்.

வண்டி விழுந்தால் முதலில் உடைவது எது? கிளட்ச் லிவர், பிரேக் லிவர்! அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை முழு இறுக்கமாக முடுக்காமல், கையால் பலமாகத் தள்ளினால் சுழல்கிற அளவுக்கு விட்டு வையுங்கள். விழுந்ததும் லிவர் திரும்பிக்கொள்ளும். உடையாது. செலவு? பூஜ்யம்!

ஒரே ஒரு டியூப்தான் எடுத்துப் போக இடமிருக்கிறது. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 17. எந்த டியூப்? கண்ணை மூடிக்கொண்டு 21 அங்குலம்! அவசரத்துக்கு அதைப் பின் டயருக்குள்ளும் திணித்து ஊர் வந்து சேரலாம். பின் டியூபை முன் டயருக்குள் போடவே முடியாது!

டயர் ரிம்மை விட்டு வராமல் அடம்பிடிக்கிறதா? இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் வைத்து, அந்த வண்டியை மெதுவாக அதன் மேல் சாயுங்கள். 196 கிலோ வண்டி அழுத்துகிறது. 'டப்!' பெரிய பஞ்சர் கடை மெஷின் செய்கிற வேலையை ஒரு சைடு ஸ்டாண்டு செய்துவிடுகிறது!

பழைய டியூபை வளையம் வளையமாக வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் எந்த ரப்பர் பேண்டும் அதன் பக்கத்தில் நிற்காது!

எம்-சீல் தெரியும்தானே? குழாய் ஒழுகினால் அம்மா தேடுவாரே, அதேதான். கல் அடித்து என்ஜின் அடியில் ஆயில் ஒழுகத் தொடங்கினால் பயணத்தையே அது காப்பாற்றுகிறது! ஆனால் இரண்டு விஷயம். ஆயில் பிசுக்கு இருந்தால் ஒட்டாது. துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்து, காய விட வேண்டும். இரண்டாவது, குளிரில் அது இறுகவே இறுகாது. உள்ளங்கையில் வைத்துச் சூடு வரும்வரை பிசைந்து, என்ஜின் லேசான வெதுவெதுப்பில் இருக்கும்போதே அப்ப வேண்டும்!

சேஸிஸ் விரிசல் விட்டு, வழியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வைக்கிறீர்களா? முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள்! ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியையும் கழற்றுங்கள். வெல்டிங் கரண்ட் அதற்குள் பாய்ந்தால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும்!

பாஸ்போர்ட், பணம், போன், மாத்திரை, விசில். இதெல்லாம் வண்டிப் பையில் இருக்கக் கூடாது. உங்கள் ஜாக்கெட் பாக்கெட்டில் இருக்க வேண்டும்! நீங்கள் பாதையிலும் வண்டி பள்ளத்திலுமாகப் பிரிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

ப்ரீபெய்டு சிம்மோடு லடாக் போனால் போன் வெறும் கேமராதான்! வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு செய்யும்.

"சிக்னல் இல்லையா, சாட்டிலைட் போன் வாங்கிக்கொள்கிறேன்" என்கிறீர்களா? நில்லுங்கள்! தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவிகளுக்கும் இதே கதிதான். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுக்காரர்கள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள்!

சமைக்கச் சின்ன கேஸ் அடுப்பா? பியூட்டேன் எத்தனை டிகிரியில் ஆவியாவதை நிறுத்துகிறது தெரியுமா? மைனஸ் அரை டிகிரி! அந்தக் குளிர் வந்துவிட்டால், சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கும், அடுப்பு எரியாது. அதனால்தான் விவரமானவர்கள் பெட்ரோல் அடுப்பு வைத்திருக்கிறார்கள். எரிபொருள் வண்டி டேங்க்கிலேயே இருக்கிறதே!

இனி தண்ணீர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது!

காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற ஓடை, மதியம் மூன்று மணிக்கு இடுப்பளவு! மழை ஒரு சொட்டுகூடப் பெய்திருக்காது. மேலே பனிப்பாறை வெயிலில் உருகுகிறது, அவ்வளவுதான். எட்டு மணிக்கு முன்னால் ஓடையைத் தாண்டுகிறவனுக்கு அது ஓடை. சாயங்காலம் வருகிறவனுக்கு அது ஆறு!

நடந்து தாண்ட முடியாத தண்ணீரை வண்டியில் தாண்டக் கூடாது. இறங்கி, நடந்து, அடியில் கல் எங்கே, குழி எங்கே என்று காலால் தடவிப் பார்த்துவிட்டு வந்துதான் கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். பூட்ஸ் நனையுமே என்று யோசிக்காதீர்கள். வண்டி விழுந்தால் நனைவது பூட்ஸ் மட்டுமில்லை!

சரி, விழுந்தேவிட்டது. என்ஜின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. செல்ஃப் பட்டனைத் தொட்டுவிடாதீர்கள்! காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் இரும்பு கனெக்டிங் ராடே வளைந்துபோகும். ஒரே ஒரு விரல் அழுத்தம், என்ஜின் காலி!

பிறகு என்னதான் செய்வது? வண்டியைக் கரையேற்றுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பிழியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடியுங்கள், சைலன்ஸரிலிருந்து தண்ணீர் கொட்டும். இப்போது பிளக் ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காமல் செல்ஃப் அடியுங்கள். சிலிண்டரிலிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சும்! அது நின்று, வெறும் காற்று மட்டும் வரும்வரை அடியுங்கள். அடுத்து ஆயில் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மூழ்கிய வண்டி அதே கரையில் மறுபடி உயிர் பெறும். ஒரு மெக்கானிக்கும் இல்லாமல்!

விழுந்த வண்டியைத் தூக்கவும் ஒரு வித்தை உண்டு. குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை ஒட்டி உட்கார்ந்து, கால்களால் பின்னோக்கித் தள்ளி எழுந்திருங்கள். தூக்குவது கை இல்லை, தொடை! வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைத் தள்ளி வையுங்கள், கியரிலும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நிமிர்ந்த வண்டி அந்தப் பக்கம் விழும்! மூச்சு முட்டும் உயரத்தில் இதை இரண்டு தடவை செய்தால் அன்றைய தெம்பு போச்சு. பையை அவிழ்த்து வைத்துவிட்டுத் தூக்குங்கள்!

மணலில் ஓட்ட வேண்டுமா? டயரில் காற்றைக் குறையுங்கள். தார் ரோட்டில் 30 பிஎஸ்ஐ ஓடும் டயர், மணலில் 15-ல்தான் மிதக்கும். மறுபடி ரோடு ஏறுமுன் காற்றடிக்கப் பம்பு வேண்டும். சைக்கிள் பம்பே போதும், கைதான் வலிக்கும்!

15 பிஎஸ்ஐ-க்கே ஆச்சரியமா? 2021 டிசம்பர் 16-ல் இரண்டு ராயல் என்ஃபீல்டு இமாலயன் பைக்குகள் தென் துருவத்தைத் தொட்டன! ராஸ் பனித்தட்டிலிருந்து கிளம்பிய அந்த வண்டிகளில் டயர் காற்றழுத்தம் எவ்வளவு வரை இறக்கப்பட்டது தெரியுமா? 5 பிஎஸ்ஐ! பைக் எந்த ஊர்த் தயாரிப்பு? நம்ம சென்னை!

சென்னைக்கும் எல்லை மலைகளுக்கும் உள்ள சம்பந்தம் அதைவிடப் பழசு. 1950-களிலேயே எல்லைக் காவலுக்கு என்று இந்திய அரசு 800 புல்லட்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. அதன் பிறகுதான் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனியே பிறந்தது!

கொஞ்சம் வெளிநாட்டுப் பாதைகளையும் பார்ப்போமா? ஆஸ்திரேலியாவின் கானிங் ஸ்டாக் ரூட் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சுமார் 1,850 கிலோமீட்டர். மணல்மேடுகள் கிட்டத்தட்ட 900! மாடுகளை ஓட்டிப் போவதற்காக ஆல்ஃபிரெட் கானிங் என்பவர் 1906-ல் அளந்த பாதை. வழி நெடுக 51 கிணறுகள். பெட்ரோல்? குனவாரிட்ஜி என்ற ஒரே ஒரு ஊரில்!

அதே நாட்டின் சிம்ப்சன் பாலைவனத்தில் வண்டியில் உயரமான கொடி கட்டாமல் நுழையவே கூடாது. மணல்மேட்டின் உச்சியில் எதிரே வருகிற வண்டி தெரியாது. முதலில் தெரிவது கொடிதான்! கோடையில் பாலைவனத்துக்கே பூட்டு. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை!

ரஷ்யாவின் பாம் ரயில் பாதையை ஒட்டிய காட்டு வழியில், விட்டிம் நதி மேல் ஒரு பழைய பாலம். நீளம் சுமார் 570 மீட்டர். அகலம் ஒரு வண்டி போகுமளவு. கைப்பிடிச் சுவர்? கிடையவே கிடையாது! காற்றடிக்கும் நாளில் பைக்கை உருட்டிக்கொண்டே தாண்டுகிறார்கள்!

2004-ல் நடிகர் ஈவன் மெக்கிரிகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பெரிய பிஎம்டபிள்யூ பைக்குகளில் போனார்கள். மங்கோலியாவில் கேமராமேனின் வண்டி உடைந்தது. அங்கேயே ஒரு சாதாரண ரஷ்ய பைக்கை வாங்கினார்கள். பேர் இஷ் பிளானெட்டா. அந்தச் சேற்றில் அது குதித்து ஓடியது! கஷ்டமான பாதையில் எடை குறைந்த வண்டிதான் ராஜா என்று நான் அடித்துச் சொல்வேன்.

திசைகாட்டி இல்லாமல் சகாராவைத் தாண்ட முடியுமா? தாண்டினார்கள், இரண்டு பெண்கள்! தெரேசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன். 1934 டிசம்பரில் லண்டனில் கிளம்பி, 1935 ஜூலையில் கேப்டவுன். 600 சிசி பேந்தர் வண்டி, அதற்கு ஒரு சைடுகார், அதற்குப் பின்னால் ஒரு டிரெய்லர்! பாதுகாப்பு வண்டி ஒன்றுகூட இல்லை!

எல்ஸ்பெத் பியர்ட். 1982-ல் உலகம் சுற்றக் கிளம்பிய பிரிட்டிஷ் பெண். சிட்னியில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஒரு கராஜில் தங்கி, அலுமினியத் தகட்டை மடக்கி மடக்கிப் பூட்டு வைத்த பைக் பெட்டிகளைத் தானே செய்துகொண்டார்! இன்று அதே மாதிரிப் பெட்டிக்குக் கடைகளில் கேட்கிற விலையில் ஒரு பழைய பைக்கே வாங்கலாம்!

டெட் சைமன், 1973. டிரையம்ப் டைகர், 500 சிசி. 4 வருஷம், 45 நாடுகள். மொத்தம் 1,03,000 கிலோமீட்டர்! போதும் என்று உட்கார்ந்தாரா? 70 வயதை நெருங்கும்போது இன்னொரு சுற்றுக் கிளம்பினார்!

1977-ல் லிபியப் பாலைவனத்தில் பைக்கோடு வழி தவறினார் தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர். பிழைத்து வந்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? வீட்டில் இருந்திருக்க வேண்டும். அவரோ பாரிஸ்–டக்கார் ராலியையே ஆரம்பித்தார்! 1978 டிசம்பர் 26. கிளம்பிய வண்டிகள் 182!

அந்த டக்காரில் இன்றைக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. மெக்கானிக் கிடையாது, உதவி வண்டி கிடையாது. பகலெல்லாம் ஓட்டிவிட்டு ராத்திரி தானே வண்டியைப் பிரித்து மாட்ட வேண்டும். டூலுக்கும் உதிரி பாகத்துக்கும் சேர்த்து ஒருவருக்கு ஒரே ஒரு பெட்டி. கொள்ளளவு 80 லிட்டர்! உங்கள் லடாக் மூட்டையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

2024 டக்காரில் ராலி-2 பிரிவில் முதலிடம் யாருக்கு? கேரளத்து ஹரித் நோவா! அணி? ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் அணி!

அடுத்த கதையைப் படித்துவிட்டு நான் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டேன். 1993. மொராக்கோ பாலைவனம். எமில் லெரே என்ற பிரெஞ்சு எலக்ட்ரீஷியனின் சிட்ரோயன் கார் பாறையில் மோதி உடைந்தது. ஆள் அரவம் இல்லை. மனிதர் காரையே பிரித்து, அதன் பாகங்களை வைத்து ஒரு மோட்டார் சைக்கிள் செய்தார்! வெல்டிங் மெஷின் இல்லை, டிரில் இல்லை. கையில் இருந்த சாதாரண டூல்கள்தான். 12 நாள் பிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் போலீஸ்காரர்கள் அபராதம் போட்டார்களாம். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது கார், ஓட்டி வந்தது பைக்!

வாருங்கள், மறுபடி லடாக்.

கர்துங் லா கணவாயின் பலகை முன்னால் நின்று போட்டோ எடுக்காத ரைடர் உண்டா? பலகை ரொம்ப காலம் சொல்லி வந்தது, 18,380 அடி. ஜிபிஎஸ் வைத்து அளந்தவர்கள் சொல்வது 17,582 அடி. வித்தியாசம் 798 அடி!

உம்லிங் லா கணவாய் 19,024 அடி! நேபாளப் பக்கத்து எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பே 17,598 அடிதான். மலையேறிகள் கூடாரம் போடும் இடத்துக்கும் மேலே நீங்கள் இரண்டாவது கியரில் போகிறீர்கள்! 2021-ல் கின்னஸில் ஏறிய ரோடு அது.

அந்தப் பெருமையும் நிலைக்கவில்லை. 2025 அக்டோபரில் எல்லைச் சாலைகள் அமைப்பு மிக் லா கணவாய்க்கு ரோடு போட்டுவிட்டது. 19,400 அடி!

அங்கே உங்கள் பைக் எத்தனை குதிரைச் சக்தி? 40 என்று கம்பெனி சொல்லியிருக்கும். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி கழன்றுகொள்கிறது. 19,000 அடியில் கிட்டத்தட்ட பாதி காலி. மிச்சம் சுமார் 20! சென்னையில் மூன்றாவது கியரில் ஏறுகிற மேட்டை அங்கே முதல் கியரில் உறுமிக்கொண்டுதான் ஏற முடியும்.

தக்லங் லா, 5,328 மீட்டர். அங்கே தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? 83-க்குப் பக்கத்தில்! தளதளவென்று கொதிக்கும், அரிசி மட்டும் வேகாது. குக்கர் இல்லாமல் சோறு இல்லை!

ஹன்லே போகிற ரைடர்கள் ராத்திரி வானத்தைப் பார்த்து வாயடைத்துப் போகிறார்கள். அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி இருக்கிறது. பேர் சந்திரா. நோபல் பரிசு வாங்கிய நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகரின் பேர்! அதை இயக்குவது எங்கிருந்து? பெங்களூர் பக்கத்து ஹொசக்கோட்டையிலிருந்து, செயற்கைக்கோள் வழியாக!

கடைசியாக ஒரு கணக்கு. இதை மட்டும் வேகமாகப் படிக்காதீர்கள்.

மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால், ராத்திரி தூங்கும் இடம் முந்தின ராத்திரியைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மலை மருத்துவர்கள் சொல்லும் விதி. மணாலி சுமார் 2,050 மீட்டர். பலர் ஒரே நாளில் போய்ப் படுக்கும் சர்ச்சு 4,290 மீட்டர். ஒரே மூச்சில் 2,240 மீட்டர்! ராத்திரி தலை வெடிக்காமல் என்ன செய்யும்?

நல்ல உடம்பு, தினமும் ஜிம், 25 வயசு. பயனில்லை! உயர நோய் உடற்பயிற்சியைப் பார்த்து வருவதில்லை. எவ்வளவு வேகமாக ஏறினீர்கள் என்பதைத்தான் அது பார்க்கிறது. அசெட்டசோலமைடு மாத்திரை உதவும்தான். ஆனால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய மாத்திரை அது.

நண்பருக்கு வெறும் தலைவலியா, ஆபத்தா? தரையில் ஒரு கோடு போடுங்கள். ஒரு பாதத்தின் விரலோடு அடுத்த பாதத்தின் குதிகால் ஒட்டும்படி, கோட்டின் மேலேயே நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவரை ஓட்டவும் விடக் கூடாது. அந்த நிமிஷமே கீழே இறக்க வேண்டும். 300 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் இறங்கினாலே பெரும்பாலும் ஆள் தெளிந்துவிடுகிறார்!

ஆனால் பாங் என்ற இடத்தில் படுத்தவருக்கு இதுவும் கைகொடுக்காது. உயரம் சுமார் 4,600 மீட்டர். லே பக்கம் போக வேண்டுமா? 5,328 மீட்டர் தக்லங் லாவில் ஏற வேண்டும். மணாலி பக்கம் திரும்ப வேண்டுமா? 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுலுங் லா குறுக்கே நிற்கிறது. எந்தப் பக்கம் போனாலும் இறங்குவதற்கு முதலில் ஏறியாக வேண்டும்!

ஸ்ரீநகர் 1,585 மீட்டர். கார்கில் 2,676. லே 3,500. வழியில் மிக உயரமான ஃபோட்டு லாவே 4,108 மீட்டர்தான். படிப்படியாக ஏறுகிற பாதை! முதல் தடவை போகிறீர்களா? ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள், லேவில் முழுசாக இரண்டு நாள் ஓய்வெடுங்கள், மணாலி வழியாக இறங்குங்கள்!